வீட்டு பியரைத் தெளியவைக்கத் தனிக் கருவி தேவையா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் நான், 23 லிட்டர் வாளியில் சொந்த உபயோகத்துக்காக பியர் தயாரிக்கிறேன். சுவையில் குறையில்லை, ஆனால் கலங்கலாக இருக்கிறது. நொதித்து முடிந்ததும் சில நாள் கடுங்குளிரில் வைத்தால் தெளியும் என்கிறார்கள். குளிரூட்டியுடன் வரும் நொதிகலனோ பல நூறு பவுண்டு விலை சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குத் தேவையானது இரண்டு மூன்று நாளைக்கு 1 முதல் 4 பாகை செல்சியஸ் வரையிலான குளிர் மட்டுமே. அந்தக் குளிரில் ஈஸ்ட் திரண்டு அடியில் படிகிறது. புரதமும், தானிய உமியிலிருந்தும் ஹாப்ஸிலிருந்தும் வரும் துவர்ப்புப் பொருளான பாலிஃபீனாலும் சேர்ந்து உண்டாக்கும் மங்கலிலும் ஒரு பகுதி வண்டலோடு இறங்கிவிடுகிறது. இதை ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியும், அதன் மின்செருகியை இணைக்கக்கூடிய வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியும் குறைந்த செலவில் செய்துவிடும். கோதுமை பியர் தயாரிப்பவரானால் அதுவும் வேண்டாம். அதற்குக் கலங்கலே இயல்பு.

உறைபனி அறை இல்லாத பெட்டியாகப் பாருங்கள். உள்ளே பின்புறம் கம்ப்ரசருக்காக மேடுபோல் எழும்பியிருக்கும் இடத்தையும் சேர்த்து அளந்த பின்னரே பணம் கொடுங்கள். பலர் ஏமாறுவது அந்த மேட்டில்தான். நிறைந்த வாளி 23 கிலோவுக்கு மேல் இருக்குமாதலால், கண்ணாடித் தட்டில் வைக்காமல் தட்டுகளை எடுத்துவிட்டு அடித்தளத்தில் வையுங்கள். கராஜில் வைப்பதென்றால் பெட்டியின் காலநிலை வகுப்பைக் கவனியுங்கள்: 'எஸ்என்' வகுப்பு 10 முதல் 32 பாகை வரையிலான சூழலுக்கும், 'என்' வகுப்பு 16 முதல் 32 வரைக்கும் உரியது. (கராஜே 4 பாகைக்கு இறங்கும் சனவரியில் பெட்டியே தேவையில்லை என்பது வேறு விஷயம்.)

தனியாரிடம் வாங்கினால், பொருள் அவர் விவரித்தபடி இருக்க வேண்டும் என்பதற்கு மேல் பெரிய பாதுகாப்பு கிடையாது. ஆகவே ஓடவிட்டுப் பார்த்தே வாங்குங்கள். பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கினால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். கட்டுப்பாட்டுக் கருவியை வணிகரிடமிருந்து இணையத்தில் வாங்கினால், பழுது இல்லாவிட்டாலும், கைக்கு வந்த 14 நாளுக்குள் வாங்கியதை ரத்துச் செய்யலாம். கம்ப்ரசர் நின்றவுடனே மீண்டும் ஓடாதபடி சில நிமிட இடைவெளி வைக்கும் வசதி அதில் இருக்க வேண்டும்.

குளிரவைக்கும் முன் ஹைட்ரோமீட்டர் (பியரின் அடர்த்தியை அளக்கும் கருவி) காட்டும் அளவு இரண்டு மூன்று நாள் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் ஈஸ்ட் வேலையை முடிக்காமலே உறங்கிவிடும். வெண்ணெய் வாடை தங்கிவிடுவதோடு, எஞ்சிய சர்க்கரை பின்னர் போத்தலில் நொதித்து அதை வெடிக்கவும் வைக்கலாம். மேலும், 20 பாகையிலிருந்து 2 பாகைக்கு இறங்கும்போது வாளியின் மேற்பகுதியிலுள்ள வாயு ஏறத்தாழ 6 சதவீதம் சுருங்குகிறது; பியரும் கரியமில வாயுவைக் கூடுதலாகக் கரைத்துக்கொள்வதால் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீரடைப்பில்) உள்ள நீர் உள்ளே இழுக்கப்படும். அதில் நீருக்குப் பதில் வோட்கா ஊற்றிவைத்தால் இந்தக் கவலை குறையும்.

தெளிந்த பியரிலும் போத்தலில் நுரை பிடிக்கப் போதிய ஈஸ்ட் மிதந்துகொண்டிருக்கும். நுரைக்காகப் போத்தலில் சேர்க்கும் சர்க்கரையைக் கணிப்பானில் கணக்கிடும்போது மட்டும், வெப்பநிலையாக இப்போதுள்ள 2 பாகையைக் கொடுக்காமல், நொதித்தல் முடிந்தபின் பியர் எட்டிய உச்ச வெப்பநிலையைக் கொடுங்கள். இல்லையேல் சர்க்கரை குறைந்து பியர் சப்பென்று இருக்கும்.