ரேக்கை அப்படியே தூக்க வேண்டாம்

ஏழடி இரும்பு ரேக்கைப் பொருளோடு சேர்த்தே பாலட் டிரக்கால் (இரண்டு நீண்ட முட்களை அடியில் நுழைத்துச் சரக்கைத் தூக்கும் கைவண்டி) தூக்கி எதிர்ச் சுவருக்கு நகர்த்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த வண்டி அடித்தட்டை நடுவில்தான் தாங்கும், எடையோ நான்கு கால்களில் இறங்குகிறது, தூக்கியதும் தட்டு வளைந்து கால்கள் கோணிக்கொள்ளும். என் கண்ணெதிரே ஒரு ரேக்கில் போல்ட் துளையே கிழிந்து நீண்டுவிட்டது. மேல்தட்டுகளில் தொடங்கி எல்லாவற்றையும் இறக்குங்கள், ரேக்கைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் இருந்தால் கழற்றுங்கள். அப்புறம், ரேக்கின் இரு முனையிலும் ஆளுக்கொன்றாக அல்ல, முனைக்கு ஒன்று வைத்துப் பெல்ட்டால் இறுக்கும் சக்கர ஜாக்கி ஜோடியாக வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரு விரல் உயரம் மட்டும் ஏற்றுங்கள். நீளவாக்கில்தான் தள்ள வேண்டும், பக்கவாட்டில் தள்ளினால் சக்கரம் சின்னக் கல்லில் முட்டினாலே கவிழும்.