ஃபே காட்வினில் தொடங்குங்கள்: பிரிட்டிஷ் நிலக்காட்சிப் படங்கள் பற்றிய கேள்வி பதில்

லீட்ஸ் நகரில் வேலை பார்த்த நான்கு வருடமும் என் சனி, ஞாயிறுகள் யார்க்ஷையர் மேட்டு நிலங்களில்தான் கழிந்தன. மழை விடாத நாட்களில் நூலகத்தில் உட்கார்ந்து புகைப்படப் புத்தகங்களைப் புரட்டுவேன். பிரிட்டிஷ் நிலக்காட்சிப் புகைப்படக்காரர்கள் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

கேள்வி: அண்ணா, எனக்கு அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் மட்டும்தான் தெரியும். பிரிட்டனில் ஒரே ஒருவரைப் பார்க்கலாம் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

பதில்: ஃபே காட்வின். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

1931-இல் பெர்லினில் பிறந்தவர். அப்பா பிரிட்டிஷ் தூதரக அதிகாரி, அம்மா அமெரிக்க ஓவியர். பள்ளி, கல்லூரி எதிலும் புகைப்படம் படித்தவரில்லை. தன் பிள்ளைகளைப் படம் எடுக்கப்போய்க் கேமரா கைவந்தது. மணவாழ்க்கை முறிந்தபின் எழுத்தாளர்களைப் படமெடுத்துத்தான் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். 1979-இல் கவிஞர் டெட் ஹியூஸோடு சேர்ந்து 'ரிமெய்ன்ஸ் ஆஃப் எல்மெட்' புத்தகம் வந்தது. ஹியூஸ் பிறந்த யார்க்ஷையரின் கால்டர் பள்ளத்தாக்குதான் அதன் களம். கைவிடப்பட்ட நெசவாலைகள், புகைபோக்கிகள், கரி படிந்த கல்வீடுகள், அவற்றுக்கு மேலே காற்று மட்டும் வீசும் புல்மேடு. எல்லாமே கறுப்பு வெள்ளை.

ஆடம்ஸின் படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். பிரமாண்டம் இல்லை. பிரிட்டனில் மனிதக் கை படாத நிலம் அநேகமாக இல்லை. காட்டை வெட்டி, ஆடு மேய்த்து, கல்சுவர் எழுப்பி ஆக்கிய நிலம் அது. காட்வின் அதை மறைக்கவில்லை. வேலி வந்தால் வேலியோடு எடுத்தார். எனக்கு அவரைப் பிடித்ததற்கு இதுதான் காரணம். இந்தப் பதில்கள் முழுக்க நான் இதையேதான் வேறு வேறு வகையில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கேள்வி: அவர் போராட்டக்காரர் என்றும் கேள்விப்பட்டேன். புகைப்படத்துக்கும் போராட்டத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: நல்ல இடத்தைத் தொட்டீர்கள். படம் எடுக்க அவர் நடந்தேதான் போவார். நடக்க நடக்க 'தனியார் நிலம், நுழையாதே' பலகைகள், ராணுவத்தின் சுடும் பயிற்சித் திடல்கள், முள்கம்பிகள் எதிர்ப்பட்டன. நடைபயணிகளின் பெரிய சங்கமான ராம்ப்ளர்ஸ் அமைப்புக்கு 1987 முதல் 1990 வரை தலைவராக இருந்தார். 1990-இல் வந்த 'அவர் ஃபர்பிடன் லேண்ட்' (Our Forbidden Land) அந்தத் தடுப்புகளைப் பற்றிய புத்தகம்தான். 1988-இல் கோடைக் கதிர்த்திருப்ப நாளில், அதாவது வருடத்தின் மிக நீண்ட பகலில், முள்கம்பிச் சுருளுக்குப் பின்னால் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை எடுத்தாரே, அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. மலை, மேடு, பொதுப் புல்வெளிகளில் சுதந்திரமாக நடக்கும் உரிமையை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் தந்த சட்டம் 2000-இல் நிறைவேறியது. 2005-இல் இறந்த காட்வின் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கேள்வி: சார், எனக்குக் கலர்தான் பிடிக்கும். கறுப்பு வெள்ளை மனதில் ஒட்டவில்லை.

பதில்: அப்படியானால் ஜோ கார்னிஷ். வட யார்க்ஷையரில் ரோஸ்பெரி டாப்பிங் என்று 320 மீட்டர் உயரக் குன்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் சரிந்து விழுந்த சுறாத்துடுப்பு மாதிரி இருக்கும். பக்கத்திலேயே குடியிருந்து, வருடக்கணக்கில் எல்லாப் பருவத்திலும் அதையே எடுத்தார். 2002-இல் வந்த 'ஃபர்ஸ்ட் லைட்' புத்தகத்தில் ஒவ்வொரு படமும் எப்படி அமைந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு அது புதையல். அப்போது ஒவ்வொரு படத்துக்கும் தனித் தாளாக ஃபிலிம் போடும் 4×5 அங்குல ஷீட் ஃபிலிம் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தார். அதில் காட்சி தலைகீழாகத் தெரியும், ஒரு படத்துக்கே நேரம் பிடிக்கும். கால் வைக்கும் பாறையில் தொடங்கி அடிவானம் வரை எதுவும் வீணாக இல்லாமல் அவர் ஃப்ரேமை அமைப்பதற்கு அந்த நிதானமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அவர்களைப் போலவே கோல்டன் ஹவரில் (சூரியன் உதிக்கும், மறையும் நேரத்து வெயிலில்) எடுத்தாலும் அந்த மென்மை எனக்கு வருவதில்லை. சென்னைக்காரன். கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: கேமராவில் குறை இல்லை, தம்பி. சூரியனின் உயரத்தைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் லண்டனில் நடுப்பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறும். எடின்பரோவில் 11. அதே நாளில் சென்னையில் 53-க்கும் மேல். அதாவது அங்கே குளிர்காலத்தில் நாள் முழுக்கச் சாய்வெயில்தான். கோடையிலோ சூரியன் சரிவாக இறங்குவதால் அந்தி மணிக்கணக்கில் நீளும். நமக்குச் சூரியன் நெட்டுக்குத்தாக விழுகிறது, அந்தி சட்டென்று முடிகிறது. அவர்கள் அரை நாள் காத்திருந்து எடுப்பதை நாம் இருபது நிமிடத்தில் எடுத்தாக வேண்டும். விடிவதற்கு அரை மணி முன்பே இடத்துக்குப் போய் நில்லுங்கள். மழை மேகம் மூடிய நாட்களையும் விடாதீர்கள்.

கேள்வி: மைக்கேல் கென்னாவை பிரிட்டிஷ் கணக்கில் சேர்க்கலாமா? ஜப்பான் பனிப் படங்கள்தானே அவருடையவை?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். 1953-இல் லங்காஷையரின் விட்னஸ் என்ற ரசாயன ஆலை ஊரில் பிறந்தவர். பிறகுதான் அமெரிக்காவில் குடியேறினார். ஜப்பானின் ஹொக்கைடோ தீவுப் படங்கள் அழகு. ஆனால் எனக்கு நாட்டிங்ஹாம்ஷையரின் ராட்க்ளிஃப் அனல்மின் நிலையத்தை அவர் எடுத்த வரிசைதான் உயர்வு. 1980-களில் தொடங்கி வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய், எட்டுக் குளிரூட்டும் கோபுரங்களையும் இரவிலும் மூடுபனியிலும் நீண்ட எக்ஸ்போஷரில் (ஷட்டரை வெகுநேரம் திறந்து வைத்து) எடுத்தார். ஆலை ஊரில் வளர்ந்தவருக்குத்தான் அந்தக் கான்கிரீட்டில் ஒரு கோயில் கோபுரத்தின் அமைதி தெரியும். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் அது. 2024 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டது.

கேள்வி: போர்க்களப் புகைப்படக்காரர் டான் மெக்கல்லின் வயல்வெளிகளையும் எடுத்தாராமே?

பதில்: ஆமாம். சைப்ரஸ், பியாஃப்ரா, வியட்நாம் எல்லாம் பார்த்தவர், பிற்காலத்தில் சாமர்செட்டில் குடியிருந்துகொண்டு சுற்றியுள்ள நிலங்களை எடுத்தார். இலையுதிர்ந்த மரங்கள், வெள்ளம் தேங்கிய வயல், மிக அடர்த்தியாக இருட்டாக்கிய பிரிண்ட். அமைதி தேடித்தான் அங்கே போனார், ஆனால் அந்த வானத்தில் போர் இன்னும் ஓயவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

கேள்வி: என்னிடம் ஃபோன் மட்டும்தான் இருக்கிறது. டிரைபாட், ஃபில்டர் வாங்க வசதியில்லை. நான் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

பதில்: ஜேம்ஸ் ராவிலியஸ். கையடக்க லைக்கா கேமரா ஒன்றை எடுத்துக்கொண்டு 1972-லிருந்து 17 வருடம் வட டெவன் பகுதியை மட்டுமே எடுத்தவர். பழைய லென்ஸ்களை விரும்பி வாங்குவார். எதிர் வெயிலில் அவை தரும் மென்மைக்காக. அவர் படங்களில் நிலம் வெறுமனே கிடக்காது. யாராவது வைக்கோல் சுமப்பார்கள், ஆட்டைத் தோளில் தூக்கி வருவார்கள். உங்கள் ஊரைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரை ஒரு வருடம் எடுத்துப் பாருங்கள். அதற்கு ஃபோன் போதும்.

கேள்வி: அந்த நிலங்களில் நம் நிறத்தவர் யாருமே இல்லையா அண்ணா? எல்லாப் பெயர்களும் வெள்ளைக்காரர்களாகவே இருக்கின்றன.

பதில்: கயானாவின் ஜார்ஜ்டவுனில் 1953-இல் பிறந்த இங்க்ரிட் பொலார்டைக் கட்டாயம் பாருங்கள். 1980-களின் கடைசியில் அவர் செய்த 'பாஸ்டரல் இன்டர்லூட்' வரிசையில், கறுப்பினத்தவர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டம் போன்ற கிராமப்புறங்களில் நிற்கிறார்கள், நடக்கிறார்கள். படங்களில் கையால் வண்ணம் தீட்டி, கீழே தன் மனத்தில் உள்ளதை எழுதியிருக்கிறார்: அந்த அழகுக்கு நடுவே தனக்கு ஏற்படும் கலக்கத்தைப் பற்றி. அங்கே மேட்டு நிலத்தில் தனியாக நடந்தபோது, எதிரே வருபவர் பார்வை ஒரு நொடி கூடுதலாக நிற்பதை நானும் உணர்ந்திருக்கிறேன். காட்வின் முள்கம்பியைக் காட்டினார். பொலார்ட் கண்ணுக்குத் தெரியாத வேலியைக் காட்டினார். 2022-இல் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார்.

கேள்வி: பிரிட்டிஷ்காரர்கள் நம் நிலத்தை எடுத்த பழைய படங்கள் உண்டா?

பதில்: லின்னேயஸ் ட்ரைப். மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி. 1858-இல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லாம் போய், மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்தார். கோயில்கள்தான் அதிகம், ஆனால் மதுரை யானைமலையும் இருக்கிறது. அந்தக் கால ரசாயனத்துக்கு நீல ஒளி உறைப்பாகப் படுவதால் வானம் வெறுமையாகிவிடும். அதனால் நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்தார்! தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி நீண்ட சுருளாக்கியதும் அவர்தான். ட்ரெவெல்யன் ஆளுநரானபோது, செலவு அதிகம் என்று அந்த வேலையே நிறுத்தப்பட்டது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அவர் படங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

கேள்வி: யூடியூபில் யாராவது?

பதில்: தாமஸ் ஹீட்டன். படம் அமையாமல் வெறுங்கையோடு திரும்பும் நாட்களையும் காட்டுவார்.

கேள்வி: கேமராவே இல்லாமல் நிலக்காட்சி எடுக்கும் பெண்மணி ஒருவர் உண்டாமே, உண்மையா?

பதில்: சூசன் டெர்ஜஸ். டெவனில் டா ஆற்றுக்கு இரவில் போய், பெரிய புகைப்படத் தாளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மேலிருந்து கணநேர ஃபிளாஷ் அடிப்பார். ஓடும் நீரின் சுழி, மேலே நீட்டிய கிளையின் நிழல் எல்லாம் நேரே தாளில் பதியும். அந்த இரவின் நிலவொளியும் நிறத்தில் கலந்திருக்கும்.

கேள்வி: கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு படம் மாட்டலாம் என்றால்?

பதில்: மறுபடி காட்வின்தான். வேல்ஸின் ஹார்லெக்கிலிருந்து லண்டனுக்கு மாடு ஓட்டிப் போன பழைய தடத்தில் 1976-இல் எடுத்தது. முன்னால் ஒரு குத்துக்கல், பின்னால் வெற்று மேடு, மேலே மேகம். மனிதர் யாரும் இல்லை. வழி தவறாமலிருக்க யாரோ நட்டுவைத்த கல் மட்டும் நிற்கிறது.