பழைய குண்டும் காயலான் கடையும்: கேள்வி பதில்

வியாசர்பாடி காயலான் கடைக்காரர்: ஐயா, பழைய இரும்போடு பித்தளை முனை வைத்த துருவேறிய உருளை ஒன்று எடைக்கு வந்திருக்கிறது. இத்தனை காலத்தில் உள்ளே இருந்த வெடிமருந்து செத்துப் போயிருக்காதா?

பதில்: அதை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள், உருட்டவோ கழுவவோ வேண்டாம். கடை ஆட்களையும் அக்கம்பக்கத்தாரையும் அப்புறப்படுத்தி, தூரம் போன பிறகு 100 அல்லது 112-ஐ அழையுங்கள். குண்டுகளில் நிரப்பும் டி.என்.டி. என்ற வெடிமருந்து பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்தாலும் வீரியம் இழப்பதில்லை. துரு தின்பது கூட்டைத்தான். நீங்கள் சொல்லும் பித்தளை முனை, குண்டை வெடிக்க வைக்கும் பியூஸாக இருக்கக்கூடும். பீரங்கியிலிருந்து கிளம்பும் அதிர்விலும் சுழற்சியிலும், முன்கூட்டியே வெடிக்காமல் தடுக்கும் அதன் பூட்டுகள் விலகிவிடும். விழுந்த இடத்தில் வெடிக்காமற்போனால், இழுத்து மாட்டிய எலிப்பொறியைப் போல அது அப்படியே காத்துக் கிடக்கும். பித்தளையைத் தனியே விற்கலாம் என்று சுத்தியலால் தட்டுவதும் கேஸ் கட்டரை வைப்பதும்தான் நான் மிகவும் அஞ்சும் காரியங்கள். 2004 செப்டம்பரில் காசியாபாத் எஃகு ஆலை ஒன்றில், இறக்குமதியான பழைய இரும்பில் கலந்திருந்த எறிகணை வெடித்து 10 பேர் மாண்டார்கள்.

இராயபுரம் கல்லூரி மாணவி: எம்டன் சுட்ட குண்டு ஏதேனும் இன்னும் மண்ணுக்குள் இருந்தால் ஆபத்தா?

பதில்: ஆபத்துதான் அம்மா. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சுமார் 130 குண்டுகளைச் சுட்டு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அக்காலத்தில் பல நாட்டுப் படைகள் குண்டுகளில் பிக்ரிக் அமிலம் என்ற வெடிமருந்தை நிரப்பின. அது ஈயம் போன்ற உலோகங்களோடு சேர்ந்தால் உரசலுக்கே வெடிக்கும் உப்பாக மாறும்.

காசிமேடு விசைப்படகுத் தொழிலாளி: இப்படிப்பட்ட குண்டு வலையில் சிக்கினால் கரைக்குக் கொண்டுவரலாமா?

பதில்: கூடாது. வலையின் விலை எனக்குத் தெரியும். ஆனாலும் உருளை தண்ணீரில் இருக்கும்போதே வலையை அறுத்துவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, கடலோரக் காவல்படையை 1554-இல் அழையுங்கள். தளத்துக்கு ஏறிவிட்டதென்றால் எஞ்சின் சூட்டிலிருந்து விலக்கி, ஈரச் சாக்கால் மூடி, காயவிடாமல் வைத்துக்கொண்டு, அவர்கள் சொல்வதற்குக் காத்திருங்கள். வெளியே கசிந்த மருந்து உலர்ந்தால் சிறு அதிர்வையும் தாங்காது.

மணலி குடும்பத் தலைவி: 2020-இல் எங்கள் பகுதிக் கிடங்கிலிருந்த அம்மோனியம் நைட்ரேட்டை லாரியில் ஐதராபாத்துக்கு அனுப்பினார்களே; கண்டெடுத்த குண்டை மட்டும் ஏன் அங்கேயே வெடிக்கச் செய்கிறார்கள்?

பதில்: அந்த 697 டன் சரக்கில் பியூஸ் கிடையாது, நெருப்பும் கலப்படமும் அண்டாமல் பார்த்துக்கொண்டால் ஏற்றிச் செல்லலாம். குண்டின் பூட்டு எந்த நிலையில் நிற்கிறது என்பதை எக்ஸ்ரே எடுத்தும் முழுதாக அறிய முடியாதபோது, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, பக்கத்தில் சிறு வெடியை வைத்துத் தொலைவிலிருந்து இயக்குவார்கள். நகர்த்தலாம் என்று நிபுணர் உறுதி செய்தால் மட்டுமே, மணல் நிரப்பிய பெட்டியில் ஆளில்லாத வெளிக்கு எடுத்துப் போவார்கள்.