கேள்வி நேரம்: கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் இரண்டு இசைத்தட்டுகளும்

கேள்வி: ஹிப் ஹொப் முன்னோடிகள் என்றால் எல்லாரும் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பெயரையும் சொல்கிறார்கள். அவர் ராப் பாடிப் பேர் எடுத்தவரும் இல்லை. தட்டுச் சுற்றினதுக்கா இவ்வளவு மரியாதை?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: தட்டுச் சுற்றினதுக்குத்தான். இயற்பெயர் ஜோசப் சாட்லர். 1958இல் பார்படோஸ் தீவில் பிறந்து நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர். தொழிற்கல்விப் பாடசாலையில் இலத்திரனியல் படித்தவர். அந்தப் படிப்பை விட்டுவிட்டு அவரைப் பற்றிக் கதைத்தால் பாதிக் கதைதான் வரும்.

அவருக்கு முன்பே, 1973 ஓகஸ்ட் தொடங்கி, ஜமேக்காவில் பிறந்த டிஜே கூல் ஹேர்க் பிராங்ஸில் நடத்திய விருந்துகளில் ஒரு விசயத்தைக் கவனித்திருந்தார். பாட்டு ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் தனியே அடிக்கும் சில விநாடிகளில்தான் சனம் உசாராக ஆடுகிறது. அந்தத் துண்டுக்கு 'பிரேக்' என்று பெயர். ஹேர்க் ஊசியைத் தூக்கிக் கண் மதிப்பில் திரும்ப அந்த இடத்தில் வைப்பார். தாளம் சில வேளை பிசகும், ஆடுகிறவர் கால் தடுமாறும். பிசகாமல் ஒட்ட வைத்தவர் ஃபிளாஷ். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதி, இரண்டு பிளேயர், நடுவில் எதன் ஒலி வெளியே போவது என்று மாற்றும் ஒரு மிக்ஸர். ஒன்றில் பிரேக் ஓடும்போது மற்றத் தட்டைக் கையால் பின்னுக்குச் சுற்றி ஆரம்பத்துக்குக் கொண்டுவருவார். முதலாவது முடியும் கணத்தில் மிக்ஸரை மற்றப் பக்கம் தள்ளுவார். இப்படி மாறி மாறிச் செய்தால் பத்து விநாடி பிரேக்கைப் பத்து நிமிடத்துக்கும் இழுக்கலாம். தட்டின் மேல் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு அடையாளம் வைத்தார். அடுத்த தட்டைச் சனத்துக்கு விடமுன் தான் மட்டும் ஹெட்போனில் கேட்க, மிக்ஸரில் தானே ஒரு சுவிட்சைப் பொருத்திக்கொண்டார்.

பிறகு வந்த ராப் பாடகர்கள் ஏறி நின்றது இந்த இடைவிடாத தாளத்தின் மேல்தான். 2007இல் அவரும் அவருடைய ஃபியூரியஸ் ஃபைவ் குழுவும் அமெரிக்காவின் ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே இடம்பிடித்த முதல் ஹிப் ஹொப் குழு அது. 2019இல் சுவீடனின் போலார் இசைப் பரிசும் ஃபிளாஷுக்குக் கிடைத்தது.

கேள்வி: பின்னுக்குச் சுற்றும்போது எத்தனை சுற்று என்று எப்படித் தெரியும்? நான் சுற்றினால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து நிற்கிறது.
– வாசகர், முள்ளியவளை

பதில்: காதை நம்பித் தொடங்காதீர்கள், கணக்குப் பாருங்கள். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 தாள அடி (பீட்) என்றால் ஓர் அடி 0.6 விநாடி, ஒரு சுற்றுக்குச் சரியாக 3 அடி. 8 அடி கொண்ட பிரேக்குக்கு 2⅔ சுற்று.

தட்டின் நடு லேபலில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பிரேக்கின் முதல் அடி ஊசிக்கு வரும்போது ஸ்டிக்கர் மணிக்கூட்டின் 12 நிற்கும் பக்கம் இருக்கட்டும். 8 அடி முடிய அது 8 மணிப் பக்கம் நிற்கும். இரண்டு முழுச் சுற்றும் மூன்றில் இரண்டு பங்கும் பின்னுக்கு எடுத்தால் திரும்ப 12. வேறு வேகத்துக்கு, அடிகளின் எண்ணிக்கையை 33.3ஆல் பெருக்கிப் பாட்டின் வேகத்தால் பிரியுங்கள். 110 வேகப் பாட்டில் 8 அடிக்கு ஏறத்தாழ 2.4 சுற்று வரும். ஸ்டிக்கர் 5 மணியில் முடியும்.

உங்களுக்கு இடம் மாறுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். லேபலின் விளிம்பைப் பிடித்துச் சுற்றாமல் தட்டின் வெளி விளிம்பைத் தள்ளுகிறீர்களா? கை நீளமாகப் போக வேண்டியிருப்பதால் சுற்று எண்ணிக்கை தவறும். மற்றது, விட்டவுடன் தட்டு முழு வேகத்துக்கு வரச் சிறு நேரம் எடுக்கும். முதல் அடி இழுபட்டுக் கேட்டால், விடும்போது விரலால் முன்னுக்கு மெல்ல ஒரு தள்ளுக் கொடுங்கள். 100 வேகத்தில் 8 அடி பிரேக் என்றால் கையில் இருப்பது 4.8 விநாடிதான். முதலில் 16 அடிப் பிரேக்கில் பழகுவது நல்லது.

கேள்வி: தட்டைப் பிடித்தால் கீழே சுற்றும் தகடும் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, வவுனியா

பதில்: உங்கள் பிளேயரில் றப்பர் விரிப்பு இருக்கிறது. அது தட்டை இறுக்கிப் பிடிக்கும். பாட்டுக் கேட்க நல்லது, இந்த வேலைக்கு ஆகாது. ஃபிளாஷுக்கும் இதே சிக்கல்தான். அவருடைய அம்மா தையல் வேலை தெரிந்தவர். ஃபிளாஷ் ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, ஸ்டார்ச் அடித்து, விறைக்கும்வரை அயர்ன் பண்ணி விரித்தார்.

நீங்களும் செய்யலாம். ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள ஃபெல்ட், விட்டம் 29.5 சென்ரிமீற்றர். நடு ஓட்டை 7 முதல் 8 மில்லிமீற்றர். பெரிதாக வெட்டினால் விரிப்பு ஆடி ஊசி துள்ளும். ஸ்பிரே ஸ்டார்ச் கிடைக்காவிட்டால் சோற்றுக் கஞ்சி போதும். ஆனால் மெல்லிய துணியில் இரண்டு தரம் வடியுங்கள். பருக்கைத் துகள் காய்ந்தால் தட்டைக் கீறும். மாரி காலத்தில் கஞ்சி போட்ட துணி பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் வரும். அப்போது கழுவித் திரும்பப் போட வேண்டியதுதான். கடையில் விற்பது பெரும்பாலும் செயற்கை நூல் ஃபெல்ட். அயர்ன் சூடு கூடினால் உருகும், ஆகவே ஒரு மூலையில் பரீட்சித்துப் பாருங்கள். அடியில் மெல்லிய பிளாஸ்ரிக் தாளையும் அதே அளவில் வெட்டிப் போட்டால் இன்னும் வழுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தகடு நின்றால் குற்றம் மோட்டாரில். பெல்ட் இழுக்கும் மலிவான பிளேயர்களுக்கு அந்த இழுவை கிடையாது. நேரடி மோட்டார் உள்ளதுதான் தேவை. டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 பிளேயர் இத்தனை காலம் டிஜேக்களின் கையில் நிலைத்ததற்கு முதல் காரணம் அதுதான்.

கேள்வி: கனடாவில் இருந்து மாமா ஒரு பழைய பிளேயர் அனுப்பினார். டிரான்ஸ்போமர் போட்டுத்தான் கொடுத்தோம். ஆனாலும் எல்லாப் பாட்டும் ஆமை வேகம், குரலும் தடிக்கிறது. கோவில் திருவிழாவில் ஜெனரேற்றரில் போட்டபோது வேகம் கூடிக் குறைந்தது.
– வாசகர், மாங்குளம்

பதில்: டிரான்ஸ்போமர் போட்டது நல்லது; நேரே 230 வோல்டில் கொடுத்திருந்தால் எரிந்திருக்கும். ஆனால் அது வோல்டைத்தான் குறைக்கும். அங்கே கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. பழைய ஏ.சி. மோட்டார் பிளேயரின் வேகம் இந்த எண்ணைத்தான் பின்பற்றும். ஆறில் ஐந்து பங்கு, அதாவது 33⅓க்குப் பதில் 27.8 சுற்று. சுருதி ஏறத்தாழ ஒன்றரைக் கட்டை இறங்கும். ஜெனரேற்றரில் நடந்ததும் இதுவே: பாரம் ஏறி இறங்க ஹேர்ட்ஸ் மாறும், 50 என்பது 52 ஆனால் பாட்டு 4 சதவீதம் வேகமாகும்.

அந்த மொடலுக்கு 50 ஹேர்ட்ஸ் மோட்டார்க் கப்பி கிடைத்தால் மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டில் பாட்டுக் கேட்பதற்குக்கூட அது உதவாது. குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டி.சி. நேரடி மோட்டார் பிளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, பிளேயரில் இருந்து வரும் மெல்லிய தரை வயரை மிக்ஸரின் தரை ஆணியில் பூட்டுங்கள். அதை விட்டால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் போகாது. மிக்ஸரில் இசைத்தட்டு பிளேயருக்கென்று உள்ள 'போனோ' (Phono) வாசலில் கொடுக்கவும் வேண்டும். சாதாரண லைன் வாசலில் கொடுத்தால் சத்தம் மெலிந்து, பேஸ் இல்லாமல் தகரம் போலக் கேட்கும்.

கேள்வி: பிளேயர் வாங்க வழியில்லை. பழைய லப்டொப் மட்டும் இருக்கிறது.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: மிக்ஸ் (Mixxx) என்ற இலவச டிஜே மென்பொருளைப் போடுங்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே பாட்டை ஏற்றி, பிரேக்கின் முதல் அடியில் கியூ என்ற தொடக்கக் குறியைப் போடுங்கள். தானாகத் தாளம் சேர்க்கும் சிங்க் பொத்தானை முதல் சில மாதம் தொடவே வேண்டாம். அதைத் தட்டிப் பழகினவருக்குக் காது திறக்காது என்பது எங்கள் அபிப்பிராயம்.

கேள்வி: 'தி மெசேஜ்' பாட்டில் ஃபிளாஷ் என்ன செய்தார்? நாங்கள் நாலு பேர் சேர்ந்து ராப் பதிவு செய்கிறோம். அதில் யார் பெயர் முதலில் வருவது என்று இப்பவே சண்டை.
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஏறத்தாழ ஒன்றும் செய்யவில்லை. 1982இல் அது அவருடைய குழுவின் பெயரில் வந்தது. வரிகளின் பெரும்பகுதி நிறுவனத்து இசைக்கலைஞர் எட் ஃப்ளெட்சரும் குழுவின் ராப் பாடகர் மெலி மெலும் எழுதியவை. ராப் பாடிய குரலும் அவர்கள் இருவருடையதே. வறுமையையும் தெருவையும் நேரே சொன்ன பாட்டு என்று உலகம் கொண்டாடியது, ஆனால் குழு உடைந்தது. ராயல்டி தொடர்பாக ஃபிளாஷ் தன் இசைத்தட்டு நிறுவனத்துடன் வழக்குக்கும் போனார். அவருடைய கையைக் கேட்க வேண்டுமென்றால் 1981இல் வந்த 'வீல்ஸ் ஒஃப் ஸ்டீல்' கலவையைக் கேளுங்கள். மூன்று பிளேயரில் நேரடியாகச் செய்த ஏழு நிமிடம்.

உங்கள் சண்டையை ஒரு தாளில் முடியுங்கள். பாட்டின் பெயர், திகதி, வரி எழுதியவர், தாளம் செய்தவர், பாடியவர், ஆளுக்கு எத்தனை வீதம். நாலு பேரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வையுங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாமலே படைப்பவருக்குப் பதிப்புரிமை உண்டு. அவர் இறந்த பிறகும் 70 ஆண்டு நிற்கும். ஆனால் யார் படைத்தார் என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். தாளத்தை யூடியூப்பில் இருந்து எடுத்திருந்தால் முதலில் அதன் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கேள்வி: ஸ்க்ராட்ச் பண்ணும்போது ஊசி துள்ளுகிறது. ஸ்க்ராட்சைக் கண்டுபிடித்ததும் ஃபிளாஷ்தானா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: இல்லை. ஊசியின் கீழ் தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்பும் அந்த வித்தையின் பெருமை கிராண்ட் விசர்ட் தியோடோர் என்பவருக்கு. ஃபிளாஷ் அதை வளர்த்துப் பரப்பியவர்களில் ஒருவர்.

ஊசிக்கு வருவோம். கூம்பு முனை உள்ள டிஜே ஊசி வேண்டும். ஊசியைத் தாங்கும் பிளேயர்க் கையின் எடையை அந்த ஊசிக்குச் சொல்லியிருக்கும் எல்லையின் மேல் முனையில் வையுங்கள். டிஜே ஊசிகளில் அது பொதுவாக 3, 4 கிராம். அந்தக் கை உட்பக்கம் இழுபடுவதைச் சமன் செய்யும் அன்ரி ஸ்கேற் திருகு பூச்சியத்தில். மேலே காசு ஒட்டி எடை கூட்டுகிற பழக்கம் தட்டின் வரியைச் சில நாளிலேயே தின்றுவிடும். மேடை பலகை என்றால் ஆட்டம் தொடங்கியதும் எப்படியும் துள்ளும். பேஸ் பெட்டியில் இருந்து தள்ளி, நிலத்தில் ஊன்றிய மேசையில் ஒரு சிமெந்துக் கல், அதன் கீழ் தடித்த ஸ்பொஞ்ச், மேலே பிளேயர் என்று வையுங்கள். செம்மண் தூசு ஊசி முனையில் பஞ்சு போல் சேர்ந்தாலும் இதே தொல்லைதான். மெல்லிய தூரிகையால் பின்னிருந்து முன்னுக்கு மட்டும் துடையுங்கள். குறுக்கே துடைத்தால் முனை பிடுங்கிக்கொண்டு வரும்.