மெட்டல் டிடெக்டரில் கிடைத்த பழைய செப்புக் காசைப் பளபளப்பாக்குவது எப்படி?

பளபளப்பாக்கவே வேண்டாம். அந்தச் சொல்லைப் பார்த்ததால்தான் இந்தப் பதில்.

பச்சை பிடித்து, ஒரு பக்கம் மங்கலாக எழுத்து தெரியும் காசு உங்களிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நெடுங்காலம் மண்ணில் கிடந்த செம்பில், உலோகத்தை ஒட்டிச் செந்நிற ஆக்சைடும் அதன்மேல் பச்சைக் கார்பனேட்டும் படிந்திருக்கும். அச்சடித்த நாளில் இருந்த மேற்பரப்பு பெரும்பாலும் அந்தப் படிவுக்குள்தான் இருக்கிறது. புளி, எலுமிச்சை, வினிகர் எதைப் போட்டாலும் படிவு கரையும், எழுத்தும் அதோடு போய்விடும். மிஞ்சுவது குழி விழுந்த இளஞ்சிவப்புத் தகடு. "எனக்கு நன்றாகத்தானே வந்தது" என்று சிலர் வருவார்கள். அரிப்பு குறைவான அண்மைக்காலக் காசில் எழுத்து தப்பலாம். ஆனால் சேகரிப்பாளரிடம் மதிப்பு போய்விடும்.

எடுத்த இடத்தில் விரலால் தேய்க்காதீர்கள். மணல் செம்பைவிடக் கடினமானது, கீறிவிடும். வீட்டில் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை, காலிப்பரில் விட்டம், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து இருபுறமும் படம். அரிப்பு எடையைக் குறைக்கும், படிவு கூட்டும். ஆகவே எடையை மட்டும் வைத்து இது இன்ன காசு என்று முடிவு கட்டக்கூடாது.

பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள். தினமும் நீரை மாற்றுங்கள். குழாய்நீரில் குளோரைடு இருப்பதால் அது ஆகாது. ஆலிவ் எண்ணெயும் வேண்டாம்: அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் மெல்லச் செம்பைத் தின்னும். மண் இளகியதும் 10 மடங்கு லென்ஸின் கீழ் மூங்கில் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வழவழப்பான பச்சையோ கறுப்போ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

உண்மையான ஆபத்து வெண்கல நோய்: பெயர் அப்படி இருந்தாலும் செம்பையும் தாக்கும் குளோரைடு அரிப்பு இது. கெட்டியான கரும்பச்சை பிரச்சினையில்லை. குச்சி பட்டாலே உதிரும் வெளிர்பச்சைத் தூள்தான் நோய். உள்ளே சிக்கிய குளோரைடு, ஈரமும் காற்றும் பட்டால் அமிலத்தை உண்டாக்கி உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். சந்தேகமிருந்தால் ஈரப்பஞ்சு வைத்த மூடிய டப்பாவில், பஞ்சு காசைத் தொடாமல், இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். புதிதாகப் புள்ளி வந்தால் நோய்தான். தூளைச் சுரண்டி, அசிட்டோனில் முக்கி உலர்த்தி, அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளான பென்சோட்ரையசோலை எத்தனாலில் கரைத்த 3% கரைசலில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். அது நச்சு: கையுறை, திறந்த சன்னல், அருகில் நெருப்பு கூடாது. 5% சோடியம் செஸ்குவிகார்பனேட் என்ற காரக் கரைசலில் ஊறவைக்கச் சிலர் சொல்வார்கள். குளோரைடு வெளியேறும் என்பது சரி. ஆனால் வாரக்கணக்கில் ஆகும், பச்சையின் நிறமும் மாறும்.

கடைசியில் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மெலிதாக ஒரு பூச்சு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பா. ஈரப்பதம் 40%க்குக் கீழே இருக்கட்டும். பிவிசி பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம், அதுவே பச்சைப் பிசுக்கு விடும்.

கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல குழிகளில் எடுத்த காசுகளை ஒரே டப்பாவில் கொட்டிவிட்டு "எந்தக் காலம்?" என்று கேட்கிறார்கள். எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்பதில்தான் பாதி விடை இருந்தது. பல நாடுகளில் தேடுவதற்கே அனுமதி வேண்டும், கிடைத்ததை அறிவிக்கவும் வேண்டும். எந்த அலுவலரும் முதலில் கேட்பது இடத்தைத்தான். ஒவ்வொரு காசுக்கும் தனி உறை போட்டு, ஜிபிஎஸ் எண், ஆழம், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.