ஜிம்னி டிக்கியில் ஸ்பிட்டிக்குச் சாமான் கட்டுவது எப்படி?

கேள்வி: மாருதி ஜிம்னி ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறேன். ஜூலையில் மனைவி, எட்டு வயது மகளுடன் திருப்பூரிலிருந்து இமாசலப் பிரதேசத்து ஸ்பிட்டி போகிறோம். சிம்லா வழியாக ஏறி, குன்சும் கணவாய் தாண்டி மணாலியில் இறங்கத் திட்டம். போன முறை கொல்லிமலை போனபோது டிக்கியில் இருந்த சாமானெல்லாம் வளைவுக்கு வளைவு உருண்டது. வெல்டிங் பட்டறையில் கேட்டால், இரண்டு டிராயர் வைத்த இரும்புப் பெட்டி செய்து தருகிறோம், 55 கிலோ வரும் என்கிறார்கள். மேலே கேரியரும் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா? பெட்ரோல் கேன், கேஸ் அடுப்பெல்லாம் எங்கே வைப்பது?

பதில்: டிராயர் வேண்டாம். கேரியரும் முடிந்தவரை வேண்டாம். முக்கியக் காரணம் இடம் அல்ல, எடை.

உங்கள் வண்டி ஆட்களோடும் சாமானோடும் சேர்த்து 1,545 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியின் சொந்த எடையே 1,210 கிலோ. மிச்சம் 335. நீங்கள் மூவரும் சேர்ந்து 160 கிலோ என்று வைத்துக்கொண்டால் சாமானுக்குக் கிடைப்பது 175 கிலோ. அதில் பெட்டிக்கு 55, கேரியருக்கு ஒரு 25 போனால், ஒரு துண்டுகூட எடுத்து வைப்பதற்கு முன்பே 80 கிலோ காலி. தண்ணீர் 20 லிட்டர் என்றால் 20 கிலோ. டூல்ஸ், காற்றடிக்கும் கம்ப்ரசர், சிக்கிய வண்டியை இழுக்கும் டோ ரோப், மூன்று பேருக்குக் குளிர் உடுப்பு, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் ஏறும்போது வரம்பு எங்கே போனதென்றே தெரியாது. ஆஸ்திரேலியாவில் டிராயர் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் போடுவது பெரும்பாலும் லேண்ட் க்ரூசர் மாதிரி நீளமான டிக்கியும் கூடுதல் சுமைத் திறனும் உள்ள வண்டிகளில். ஜிம்னியில் பின் சீட் நிமிர்ந்திருந்தால் டிக்கி 208 லிட்டர்தான். அதற்குள் இரும்புச் சட்டம் போட்டால் சட்டம்தான் இருக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லாவற்றையும் ஏற்றி, மூவரும் உட்கார்ந்து, லாரிகள் போடும் எடை மேடையில் ஒரு தடவை நிறுத்துங்கள். ஆகும் செலவு சொற்பம். அந்த எடைச் சீட்டைப் பார்த்தபின் வீட்டில் யாரும் "இதையும் வச்சுக்கலாமே" என்று சொல்ல மாட்டார்கள்.

சரி, இருக்கிற இடத்தில் எப்படி அடுக்குவது? பின் சீட்டு பாதி பாதியாக மடங்குவதால் ஒரு பக்கம் மடித்துச் சாமான் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதால் இங்கே கறாராக இருங்கள். மடித்த பக்கத்தில் துணிப் பை, ஸ்லீப்பிங் பேக், தலையணை மட்டும். அதையும் பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். கனமானவை எல்லாம் மகளின் சீட்டுக்குப் பின்னால், டிக்கித் தரையில், சீட் முதுகோடு ஒட்டி இருக்கட்டும். சீட் முதுகின் மேல் விளிம்புக்கு மேலே கெட்டியான பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 50 கி.மீ. வேகத்தில் மோதி அரை மீட்டருக்குள் வண்டி நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் பொருள் தன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 12 கிலோ டூல் பாக்ஸ் அந்த நொடியில் 240 கிலோ. கொல்லிமலையில் உங்கள் சாமான் பக்கவாட்டில்தான் உருண்டது, அது சத்தம். முன்னால் வருவதுதான் ஆபத்து.

மேலே போடும் பெல்ட் பொருளைக் கீழே அழுத்துமே தவிர, முன்னால் நகராமல் தடுப்பது பெரும்பாலும் சீட் முதுகுதான். ஆகவே பெட்டிக்கும் சீட்டுக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். இருந்தால் கம்பளியை மடித்துத் திணியுங்கள்.

பெட்டிக்கு மார்க்கெட்டில் காய்கறி வரும் பிளாஸ்டிக் கிரேட் போதும். டிக்கியை டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். நம் கண் எப்போதும் டிக்கியைப் பெரிதாகத்தான் காட்டும். பட்டறைக்காரரிடம் டிராயருக்குப் பதில் வேறு வேலை கொடுங்கள்: டிக்கித் தரை அளவுக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட் பலகை, அதன் நான்கு மூலையிலும் பெல்ட் மாட்ட, போல்ட் போட்ட டி-ரிங் (D வடிவ இரும்பு வளையம்). அடியில் சின்ன வாஷர் போதாது, உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு வேண்டும். பலகை வண்டியின் உடலோடு போல்ட்டில் நிற்க வேண்டும். சும்மா கிடக்கும் பலகையில் கட்டினால் பலகையும் சேர்ந்து பறக்கும். தரையில் துளை போடுவதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், வயர் எங்கே ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அதில் டி-ரிங் மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் சம்மதிக்காதீர்கள். டிக்கியில் ஏற்கெனவே பிளாஸ்டிக் கொக்கி இருந்தால் அது மளிகைப் பைக்கு மட்டும்.

கட்டுவதற்கு 25 மி.மீ. பாலியஸ்டர் பெல்ட். கிரேட்டுக்கு, இழுத்தால் கவ்விக்கொள்ளும் கேம் பக்கிள் வைத்தது நல்லது. பல்சக்கரப் பிடி வைத்த ராட்செட் போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்கிவிடும். ராட்செட்டை டூல் பாக்ஸுக்கும் தண்ணீர் கேனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி வைத்த ரப்பர் கயிறு, ஈரத் துண்டு காயப்போடத்தான் உதவும். குழியில் விழும்போது அது நீளும், பொருள் எழும்பும், திரும்பி வந்து அடிக்கும்.

ஜிம்னியின் பின்கதவு, ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறப்பது. பின்னால் பாறையோ இன்னொரு வண்டியோ ஒட்டி நின்றால் திறக்க முடியாது. குன்சும் தாண்டி மணாலிப் பக்கம் இறங்கும்போது, பாத்தலுக்கும் கிராம்ஃபூவுக்கும் நடுவே பனி உருகி ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடும் இடங்கள் உண்டு. மத்தியானத்துக்கு மேல் அதன் அளவு கூடும். அங்கே சிக்கிக்கொண்டால் டோ ரோப் டிக்கியின் அடியில் இருந்து பிரயோஜனமில்லை. ரோப், அதை வண்டியில் மாட்டும் ஷேக்கிள் (U வடிவ இரும்பு இணைப்பு), கையுறை, டார்ச் நான்கையும் ஒரே பையில் போட்டு முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் கட்டுங்கள். ஷேக்கிளைத் தனியாக விடாதீர்கள், அது இரும்புக் குண்டு. தீயணைப்பான் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில், அதற்கான பிராக்கெட்டில் இருக்கட்டும்.

பெட்ரோல் கேன் இந்த வழிக்கு அவசியமே இல்லை. டேங்க் 40 லிட்டர். மலையில் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தால்கூட 400 ஓடும். சிம்லாவிலிருந்து ஏறும் வழியில் ரெக்காங் பியோ பக்கம் நிரப்பினால் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசா சுமார் 200 கி.மீ.; காசாவில் பங்க் இருக்கிறது; அங்கிருந்து மணாலியும் ஏறக்குறைய அவ்வளவுதான். மனசு கேட்கவில்லையென்றால் 10 லிட்டர் இரும்புக் கேன் ஒன்று. 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம், ஆனால் 25 லிட்டருக்கு மிகாத உலோகக் கேனில்தான். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. பிளாஸ்டிக் கேன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. குழந்தை உட்காரும் அதே அறைக்குள் பெட்ரோல் வாடை சுற்றுவது சட்டத்தைவிடப் பெரிய பிரச்சினை. காலி கேனாக எடுத்துப் போய், தேவைப்பட்டால் காசாவில் நிரப்புங்கள்.

5 கிலோ சிலிண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் கார் தரையில் தேங்கும். டீக்கும் நூடுல்ஸுக்கும் 230 கிராம் கேஸ் டப்பா அடுப்பு போதும். டப்பாவை அடுப்பிலிருந்து கழற்றி வையுங்கள், வெயிலில் நிறுத்திய காரில் விடாதீர்கள்.

எல்லாம் கட்டியபின் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஒரு நாள் போய் வாருங்கள், 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. முதல் 20 கி.மீ.க்குள் சாமான் அமர்ந்து பெல்ட் தளர்ந்துவிடும், நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். ஸ்பிட்டியில் தினமும் காலையில் இதைச் செய்யுங்கள்.

அப்புறம், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் எடுத்துப் போவீர்கள் அல்லவா? குன்சும் 4,500 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம்கூட இல்லை. பாதி காலியான பாட்டிலில் இருக்கும் காற்று விரிந்து மூடி வழியாக எண்ணெயைத் தள்ளும், அதில் நனைந்த ஸ்லீப்பிங் பேக் ஊர் திரும்பும் வரை காயாது. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடி, ஜிப் வைத்த கவரில் போட்டு, கிரேட்டில் நிமிர்த்தி வையுங்கள்.