240 வாட் எஸ்.எம்.பி.எஸ் உள்ள பழைய ஆபீஸ் கணினியில் எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?

ஐ5-6500 பிராசஸர், 240 வாட் என்று எழுதியிருக்கிறீர்கள். எஸ்.எம்.பி.எஸ்-ஐ (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) மாற்றாமல் முடியாது என்று கடையில் சொன்னார்களாம். முடியும். தனியாக பவர் கேபிள் கேட்காத கார்டாகப் பார்த்து எடுங்கள்.

என் அக்கா மகனிடம் இருப்பதும் இதே போன்ற கணினிதான். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7040 மினி டவர், அதே ஐ5-6500. அதில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போட்டு ஓட்டுகிறான். கணக்கு இப்படி: பிராசஸர் 65 வாட், கார்டு 75 வாட், போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 40 வைத்தாலும் 180தான் வருகிறது. கார்டு பெட்டியில் 300 வாட் வேண்டும் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யார் எந்த மட்டமான எஸ்.எம்.பி.எஸ்-இல் மாட்டுவார்கள் என்று தெரியாததால் கூட்டிச் சொல்கிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது மொத்த வாட் அல்ல, எஸ்.எம்.பி.எஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எழுதியிருக்கும் ஆம்பியர். பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் இழுக்கின்றன. 12-ஐ ஆம்பியரால் பெருக்கினால் உண்மையான பலம் தெரிந்துவிடும். 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டு 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் மட்டும் போட்டிருந்தால், அது வெறும் 180 வாட். அதை வாங்குவதற்கு உங்கள் பழைய 240 வாட்டே மேல். அதோடு, டெல் ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் போர்டுக்குப் போகும் கனெக்டர் வழக்கமான 24 பின் கிடையாது. வெளியில் வாங்கிய எஸ்.எம்.பி.எஸ் நேரடியாகப் பொருந்தாது.

போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்குள் அடங்குபவை 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 (75 வாட்), ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி (70 வாட்), ஆர்எக்ஸ் 6400 (53 வாட்). பெயரில்தான் ஏமாறுவோம். 3050 8 ஜிபி கார்டு 130 வாட், கேபிள் இல்லாமல் ஓடாது. 1650 சூப்பர் 100 வாட். சாதாரண 1650-இலேயே சில மாடல்களில் 6 பின் சாக்கெட் இருக்கிறது, அதனால் கார்டின் ஓரத்தைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். ஆர்எக்ஸ் 6400 உங்களுக்கு வேண்டாம். அது நான்கு லேன் (போர்டுடன் தரவு போய்வரும் பாதை) மட்டுமே பயன்படுத்தும், உங்கள் போர்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்பதால் வேகம் அடிபடும். கேமைப் பதிவு செய்ய உதவும் வீடியோ என்கோடரும் அதில் இல்லை.

முக்கியமாக ஒன்று. டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கனெக்டரை 6 பின்னாக மாற்றும் கேபிளைத் தயவுசெய்து தொடாதீர்கள். 1050 டிஐ-க்கு முன்னால் ஒரு 1650 சூப்பரை இப்படித்தான் மாட்டினோம். மூன்றாம் நாள் கேம் ஓடும்போது தீய்ந்த வாடை வந்தது. கழற்றினால் சாட்டா பிளக் உருகி ஒட்டியிருந்தது. அந்த பிளக் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் வரைதான் தாங்கும். 6 பின் வழியாக கார்டு 75 வரை இழுக்கலாம். வீட்டில் யாரும் இல்லாத நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, உங்கள் கேஸ் மினி டவரா, ஒல்லியான எஸ்எஃப்எஃப்-ஆ? ஒல்லி என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் நுழையும். சில மாடல்களில் ஸ்லாட்டே முழு 75 வாட் தராது, மாடலின் கையேட்டில் பாருங்கள். மினி டவர் என்றால், கிடைக்கும் விலையைப் பொறுத்து 3050 6 ஜிபி அல்லது பழைய 1650 எடுங்கள். மாட்டியபின் ஒரு மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டுங்கள். நடுவில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனால் எஸ்.எம்.பி.எஸ் வயதாகிவிட்டது என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 85 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள், வேகம் பெரிதாகக் குறையாது. அப்போதும் நின்றால், உங்கள் கணினி மாடலுக்கான வேறு எஸ்.எம்.பி.எஸ் மாட்டிச் சோதிக்க வேண்டும்.